டாக்டரம்மா வீட்டுக்காரரின் கவனத்துக்கு: லயத்தில் பட்டம் கொண்டாடச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இறுதி எம்.பி.பி.எஸ். முடிவு தோட்டத்துக்குள் பரவ அரை மணி நேரம் போதும். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், பெக்டரி, கொழுந்து மடுவம் என்று எல்லா இடத்துக்கும் போய்விடும். அதே அரை மணி நேரத்தில் கொண்டாட்டம் உங்கள் கையை விட்டுப் போகவும் தொடங்கும். தலைவர் பேனர் அடிப்பதாகச் சொல்வார். கோயில் கமிட்டி மாலை மரியாதைக்கு நாள் பார்க்கும். மச்சினன் ஹட்டனில் டிஜே செட் பேசிவிட்டு அட்வான்ஸ் கொடுக்க உங்களிடம் வருவான். பெரியம்மா முறையான ஒருத்தி முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு ஸ்தோப்பில் வந்து உட்கார்ந்திருப்பாள். ஐந்து ஆண்டு படித்து, கடைசி வாரங்களில் தூங்காமல் கிடந்து பாஸ் பண்ணியவளை மட்டும் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் இந்தக் குறிப்புகளைக் கணவன்மாருக்கு என்று எழுதுகிறேன். இலங்கையின் மருத்துவ பீடங்களில் இன்று பெண்கள் பாதிக்கு மேல். மலையகத்திலிருந்து போகிறவர்களிலும் பெண் பிள்ளைகள் நிறையப் பேர். ஆனால் மனைவி வாங்கிய பட்டத்தை எப்படிக் கொண்டாடுவது என்று நம் ஆண்களுக்கு எந்தச் சடங்கும் சொல்லித் தரவில்லை. கணவர் டாக்டரான வீட்டில் மனைவிமார் இதைப் படித்தாலும் பெரும்பகுதி பொருந்தும். யாராக இருந்தாலும் துணைக்கு உள்ள வேலை காவல் வேலை. பாஸ் பண்ணியவருக்கும், அவருக்காகச் சம்பளத்தை இழந்தவர்களுக்கும் உரிய கொண்டாட்டத்தை மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மற்றவர்களில் நீங்களும் ஒருவர் என்பதை மறக்க வேண்டாம்.

முடிவு வந்த அன்று

செய்யுங்கள்: பேஸ்புக்கில் போடும் முன் மலைக்குப் போங்கள். மாமியார் கொழுந்து எடுக்கும் மலையில் சிக்னல் இருக்காது. கங்காணி சொல்லியோ பக்கத்து நிரையில் நிற்பவர் சொல்லியோ ஒரு தாய்க்கு இந்தச் செய்தி தெரியக்கூடாது. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு அவரைக் கூட்டிவந்து போனைக் காதில் கொடுங்கள். மகளே சொல்லட்டும். நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

செய்யாதீர்கள்: அன்றைக்கே பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டு போஸ்டர் அடிக்காதீர்கள். இதில் பலருக்குக் குழப்பம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இறுதிப் பரீட்சையில் பாஸ் பண்ணியவர் பட்டதாரி. அதன் பிறகு இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டும். அந்தப் பதிவோடு, சுகாதார அமைச்சு கொடுக்கும் ஆஸ்பத்திரியில் ஓராண்டு உள்ளகப் பயிற்சி செய்ய வேண்டும். ஆறு மாதம் ஒரு துறை, ஆறு மாதம் இன்னொரு துறை. அதை முடித்த பிறகுதான் முழுப் பதிவு. தற்காலிகப் பதிவை வைத்துக்கொண்டு பயிற்சி ஆஸ்பத்திரிக்கு வெளியே யாருக்கும் வைத்தியம் பார்க்க முடியாது. முடிவுக்கும் பயிற்சி தொடங்குவதற்கும் இடையில் சில மாதங்கள் சும்மா காத்திருக்க வேண்டியும் வரும். 'டாக்டர்' என்று ஊர் கூப்பிடுவதை நீங்கள் தடுக்க முடியாது. தோட்டத்து மருந்துக் காம்பராவில் இருக்கும் ஈ.எம்.ஏ.யையே, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளரையே, 'டாக்டர் ஐயா' என்றுதான் நம் சனம் தலைமுறையாகக் கூப்பிட்டு வருகிறது. ஆனால் நீங்கள் அடிக்கும் போஸ்டரைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் வீட்டு வாசலில் பத்துப் பேர் பிரஷர் பார்க்க நின்றால், வாய்விட்டு முடியாது என்று சொல்ல வேண்டிய சங்கடம் அவளுக்குத்தான்.

பங்களாதேஷிலோ ரஷ்யாவிலோ சீனாவிலோ படித்து வந்தவர் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். அவர்களுக்கு மருத்துவ சபையின் ஈ.ஆர்.பி.எம். பரீட்சை இருக்கிறது. அது பாஸான பிறகுதான் தற்காலிகப் பதிவு, பயிற்சி எல்லாம். விமான நிலையத்திலிருந்து மேளதாளத்தோடு கூட்டிவந்துவிட்டு, பிறகு "எப்ப ஆஸ்பத்திரிக்குப் போற?" என்று மாதா மாதம் கேட்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

செய்யாதீர்கள்: கிளாஸ் கிடைத்ததா, எத்தனையாம் ரேங்க் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். சொல்ல இருந்தால் அவளே சொல்வாள். ஏதாவது ஒரு பாடத்தை இரண்டாம் தடவை எழுதியிருந்தால் அதை ஊருக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பட்டமளிப்பு நாள்

செய்யுங்கள்: மண்டபத்துக்குள் போகும் அனுமதிச் சீட்டை மாமனார், மாமியாருக்குக் கொடுங்கள். பெரும்பாலும் ஒரு பட்டதாரிக்கு இரண்டு பேரைத்தான் உள்ளே விடுவார்கள். கணவன் உள்ளே, அப்பா வெளியே மரத்தடியில் என்ற காட்சியைப் பல்கலைக்கழக வாசல்களில் பார்க்கலாம். உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் அவள் வாழ்க்கைக்குள் வந்தது அண்மையில்தான். அவர்கள் முதலாம் ஆண்டிலிருந்தே இதில் இருக்கிறார்கள். வெளியே நின்று கைப்பை, குடை, இரண்டாவது சோடிச் செருப்பு இவற்றைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவை. அந்த ஆள் நீங்கள்.

அப்பா இல்லாத வீட்டில், பீஸ் கட்டிய அண்ணனோ, தன் படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்பில் கடையில் நின்ற தம்பியோ இருப்பார்கள். இரண்டாவது சீட்டு அவர்களுக்கு. யாருக்கு என்பதை அவளிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

செய்யுங்கள்: போகிறவர்கள் இழக்கும் பேரை, அதாவது சம்பள நாளை, கணக்கில் எடுங்கள். கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்வர மாமியாருக்கு இரண்டு பேராவது போகும். நாட்சம்பளம் 1000 ரூபாவை எட்டியதே 2021 மார்ச்சில்தான். அது 1350 ஆக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மகளின் பட்டமளிப்புக்குப் போன நாளுக்குக் கணக்குப்பிள்ளை பேர் போடமாட்டார். அந்த மாதச் சம்பளத்தில் விழும் பள்ளத்தை அவர் கேட்காமலே நீங்கள் நிரப்பிவிடுங்கள். கையில் காசாகக் கொடுத்தால் வாங்கமாட்டார். கடைக் கொப்பியில் உள்ள பாக்கியைத் தீர்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

செய்யாதீர்கள்: "நான்தான் படிக்க வைத்தேன்" என்று எந்த மேடையிலும் சொல்லாதீர்கள். உண்மையாகவே நீங்கள் செலவு செய்திருக்கலாம். ஆசிரிய உதவியாளராக மாதம் 6000 ரூபா படியில் வேலை செய்த காலத்திலும், அதிலிருந்து அவளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கலாம். அப்படியும் சொல்லாதீர்கள்.

இந்த வாக்கியத்துக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. கோபால்ராவ் ஜோஷி என்ற மராட்டியத் தபால் உத்தியோகத்தர். அவருடைய மனைவி ஆனந்திபாய் 1886 மார்ச் 11ஆம் திகதி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மேலை மருத்துவத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். விழாவுக்குக் கோபால்ராவ் கப்பலேறிப் போயிருந்தார். பண்டித ரமாபாய் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தார். விக்டோரியா மகாராணியும் வாழ்த்து அனுப்பினார். மனைவியைப் படிக்க வைக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஊரோடு சண்டை போட்டவர் என்ற பெருமை கோபால்ராவுக்கு நியாயமாகவே உண்டு. ஆனால் சிறுமியாக இருந்த அந்த மனைவி புத்தகத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனதற்காக அடித்தவரும் அவர்தான். ஆனந்திபாய் காசநோயோடு ஊர் திரும்பி, 1887 பெப்ரவரி 26ஆம் திகதி, 22 வயது நிறையும் முன்பே இறந்துபோனார். கோலாப்பூர் ஆஸ்பத்திரியில் அவருக்காகக் காத்திருந்த பதவியில் உட்காரவே இல்லை. படிக்க வைப்பது வேறு, படிப்பவரை வாழ விடுவது வேறு. மேடையில் மைக் கிடைக்கும்போது நம் ஆண்கள் முதலாவதைப் பற்றியே பேசுகிறார்கள்.

நீங்கள் பேசியே ஆக வேண்டும் என்றால் வந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, சாப்பாடு தயார் என்று சொல்லுங்கள்.

செய்யுங்கள்: படத்துக்கு நிற்கும்போது பட்டச் சால்வையை ஒருமுறை மாமியாரின் தோளில் போட்டு ஒரு படம் எடுங்கள். இதை இப்போது எல்லோரும் செய்கிறார்கள், புதிதொன்றும் இல்லை. ஆனாலும் எடுங்கள். வீட்டில் தொங்கப் போவது அந்தப் படம்தான்.

தோட்டத்தில் விருந்து

செய்யாதீர்கள்: கடன் வாங்கி விருந்து வைக்காதீர்கள். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நம்முடைய முன்னோர் இந்த மலைக்கு வந்ததே கடன்காரர்களாகத்தான். கங்காணி கொடுத்த முற்பணம், வழிச் செலவு எல்லாம் சேர்ந்து கடனாகி, தோட்டம் மாற வேண்டும் என்றால் அந்தக் கடனை எழுதிய 'துண்டு' கையில் இருக்க வேண்டும் என்ற முறை இருந்தது. கடனைக் கட்டி ஆளை எடுப்பார்கள். அதைச் சட்டம் போட்டு ஒழித்தது 1921இல். அந்த முறை போய் நூறு ஆண்டு கடந்தும், கிழமைக்கு ஒருமுறை லயத்து வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும் குழுக்கடன்காரர் இருக்கிறார். சம்பளத் துண்டில் தீபாவளி முற்பணம் மாதக் கணக்கில் வெட்டுப்படுகிறது. டாக்டர் வந்த வீடு என்றால் கடன் கொடுக்க எல்லோரும் தயார். அதுதான் ஆபத்து. அவளுக்கு முதல் சம்பளம் வர இன்னும் பல மாதம் இருக்கிறது.

பணம் இருந்தால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அடகுக் கடையில் இருக்கும் மாமியாரின் தோடு. அது எந்த ஆண்டு, எந்த டேர்முக்குப் போனது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். அதை மீட்டு, விருந்தன்று அவர் காதில் போட்டிருக்கட்டும். பிறகு பிரியாணி பற்றிப் பேசலாம்.

தோட்டம் முழுவதையும் கூப்பிடாமல் இருக்க முடியாது என்பதும் உண்மைதான். அதற்கு வழி, எல்லோருக்கும் சோறு போடாமல் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுப்பது. பின்னேரம் மூன்று மணிக்கு உளுந்து வடை, கேசரி, பிளேன்டீ. சோறும் கோழிக் கறியும் நெருங்கிய வீடுகளுக்கு இரவில். ஒரு சின்ன யோசனை. நம் வீடுகளில் ஊற்றுவது பெரும்பாலும் தூள். அன்றைக்கு மட்டும் பெக்டரியில் ஏற்றுமதிக்குப் போகும் நல்ல ரகத்தில் இரண்டு கிலோ வாங்கி ஊற்றுங்கள். பறித்தவர்களும் ஒருநாள் குடித்துப் பார்க்கட்டும்.

செய்யுங்கள்: நாளைப் பார்த்து வையுங்கள். பஞ்சாங்கத்தைச் சொல்லவில்லை. கொழுந்து அதிகமான காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசு வேலை இருக்கும், பெண்கள் வரமாட்டார்கள். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் செப்டம்பர் வரைக்கும் பந்தல் போடுவதே வீண். உயர்தரப் பரீட்சை நடக்கும் நாட்களில் ஸ்பீக்கர் கட்டவே கட்டாதீர்கள். அடுத்த டாக்டர் எந்தக் காம்பராவில் படித்துக்கொண்டிருக்கிறாளோ!

செய்யாதீர்கள்: லயத்தை மறைக்க டவுன் ஹோட்டலுக்குப் போகாதீர்கள், அவளே கேட்டால் ஒழிய. பெட்ச் நண்பர்கள் வருகிறார்கள், பேராசிரியர் ஒருவர் வரலாம் என்கிறார், அவர்களை எப்படி இந்தப் பத்தடிக் காம்பராவுக்குள் கூட்டிவருவது என்ற கூச்சம் உங்களுக்கு வரும். அவளுக்கும் வரலாம். ஐந்து ஆண்டு அவள் ஹொஸ்டலில் எந்தத் தோட்டம் என்று சொல்லியிருக்கிறாள், எதைச் சொல்லவில்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். ஆகவே இதை நீங்கள் கொள்கையாக எடுத்து அவள் தலையில் கட்ட வேண்டாம். என் கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்: மறைக்க நினைப்பது யார், அவளா நீங்களா?

லயத்தில்தான் என்று முடிவானால் செய்ய வேண்டிய வேலை வேறு. பீலித் தண்ணி வருகிறதா, கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் வழியில் பல்பு எரிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பதில்லை. பெண் பிள்ளைகள் போய்வர இடம் இல்லாவிட்டால்தான் சங்கடப்படுவார்கள். இடம் போதாவிட்டால் பிள்ளைக் காம்பரா, கோயில் மண்டபம், பாடசாலை மண்டபம் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் தோட்ட நிர்வாகத்திடமும் கமிட்டியிடமும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

செய்யாதீர்கள்: பேனரை மற்றவர்களிடம் விடாதீர்கள். விட்டால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். மேலே இரண்டு தலைவர்களின் பெரிய படம், நடுவில் கட்சிச் சின்னம், கீழே மூலையில் பாஸ்போர்ட் அளவில் உங்கள் மனைவி. எந்தச் சங்கம் என்பதில் வித்தியாசம் இல்லை. பேனரை நீங்களே அடித்து முதலில் கட்டிவிட்டால் இரண்டாவது பேனருக்குக் கம்பம் கிடைக்காது. அதில் அவள் பெயர், பீடத்தின் பெயர், ஆண்டு, தாய் தகப்பன் பெயர். உங்கள் பெயர் வேண்டாம்.

செய்யாதீர்கள்: 'தோட்டத்தின் முதல் டாக்டர்' என்று விசாரிக்காமல் எழுதாதீர்கள். 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக எழுதினார்கள். தலைமன்னாரில் கப்பலேறிய அந்தக் குடும்பங்களில் பல நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறின. உங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தவரின் பேத்தி கோயம்புத்தூரில் டாக்டராக இருக்கலாம். 'முதல்' என்று எழுதுவதை விட, அந்த உறவுகளின் போன் நம்பரைத் தேடுவது நல்ல வேலை. விருந்தன்று வீடியோ கோலில் அங்கே ஒரு கிழவியைப் பிடித்துக் கொடுத்தால், மாமியாருக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறு எதுவும் கிடைக்காது.

செய்யுங்கள்: அழைப்பை நேரில் கொண்டுபோக வேண்டிய ஆட்களின் பட்டியல் ஒன்று எழுதுங்கள். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசிலுக்கு இலவசமாக வகுப்பு எடுத்த ஆசிரியை. பிள்ளைக் காம்பராவில் அவளை வைத்திருந்த அம்மா. மருந்துக் காம்பராவின் ஈ.எம்.ஏ.; இவரை மறந்தால் அது வெறும் மறதியாக எடுத்துக்கொள்ளப்படாது. மிட்வைப். உயர்தரம் படிக்கும்போது தன் வீட்டில் தங்க இடம் கொடுத்த டவுன் குடும்பம். தோட்டப் பாடசாலைகள் அரசு கைக்கு வரத் தொடங்கியதே 1970களில். விஞ்ஞானப் பிரிவு இருக்கும் தமிழ்ப் பாடசாலை இன்றும் எல்லா ஊரிலும் இல்லை. ஹட்டன், கொட்டகலை, நுவரெலியா, கண்டி என்று எங்காவது போய்த் தங்கிப் படிக்காமல் இங்கிருந்து யாரும் மருத்துவ பீடம் போனதில்லை என்றே சொல்லலாம். தங்க இடம் கொடுத்தவர்கள் முன் வரிசையில் உட்கார வேண்டும்.

செய்யுங்கள்: பெட்ச் நண்பர்களில் சிங்களப் பிள்ளைகள் வந்தால் அவர்களைத் தனி மேசையில் வைக்காமல் எல்லோரோடும் சேர்த்து உபசரியுங்கள். பந்தியிலேயே உட்காரட்டும். காலையில் கொஞ்சம் பால்சோறு செய்து வையுங்கள், அது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த சாப்பாடு. அவர்களோடு வாட்டில் நின்று நோயாளியிடம் சிங்களத்தில் கேள்வி கேட்கப் பழகியவள் அவள். பாடத்தை ஆங்கிலத்தில் படித்து, வாட்டில் சிங்களம் பேசி, வீட்டுக்குத் தமிழில் போன் பண்ணியவள். அந்த மூன்றையும் ஒரே பந்தலில் அவள் எப்படிச் சமாளிக்கிறாள் என்று அன்று பாருங்கள்.

செய்யாதீர்கள்: விருந்தோடு இலவச மருத்துவ முகாம் வைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். விளையாட்டுக் கழகமும் சங்கமும் நல்ல மனதோடுதான் கேட்பார்கள். முழுப் பதிவு வரும் வரை அவள் பெயரில் அப்படி ஒன்று நடக்கக்கூடாது என்பதை நீங்கள் சொல்ல வேண்டும், அவளைச் சொல்ல வைக்கக்கூடாது. அதுபோல, "இனி நம்ம டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத்தான் வருவா" என்று மேடையில் யாராவது வாக்குக் கொடுத்தால் உடனே மறுத்துவிடுங்கள். 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்த அந்த 150 கட்டில் கிளங்கன் ஆஸ்பத்திரி நம்முடையதுதான். ஆனால் நியமனம் தகுதிப் பட்டியல்படி போகும். அவளுக்கு அம்பாறையும் கிடைக்கலாம், வவுனியாவும் கிடைக்கலாம்.

செய்யாதீர்கள்: "கோட்டாவில் போனவதானே" என்ற பேச்சைச் சிரித்துக் கடக்காதீர்கள். பந்தலில் யாராவது ஒருவர், அதுவும் சொந்தக்காரர், இதைச் சொல்வார். பதில் எளிது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான தகுதிப்படி, 55 வீதம் மாவட்டத்துக்கு மாவட்டம் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று. அதாவது நாட்டில் பெரும்பாலானோர் மாவட்டக் கணக்கில்தான் உள்ளே போகிறார்கள். உள்ளே போன பிறகு இறுதிப் பரீட்சைத் தாள் எல்லோருக்கும் ஒன்றே. குறைந்த வெட்டுப்புள்ளிக்காக வெளி மாவட்டத்திலிருந்து இங்கே வந்து பதிந்து இடத்தை எடுத்துப் போகிறவர்களைப் பற்றி இதே சொந்தக்காரர் ஏன் பேசுவதில்லை என்றும் கேட்டுப் பாருங்கள்.

செய்யாதீர்கள்: சாராயம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

செய்யுங்கள்: அன்று அடுப்படிப் பொறுப்பு உங்களுடையது. அவள் சேலையோடு ஓடி ஓடித் தேத்தண்ணி கொடுத்தால் அது அவளுடைய விருந்தல்ல.

விருந்து முடிந்த பிறகு

செய்யுங்கள்: பயன்படும் பரிசாகக் கொடுங்கள். ஸ்டெதஸ்கோப் வேண்டாம், அவளிடம் மூன்றாம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. இரவும் பகலும் வாட்டில் நிற்கக் கூடிய நல்ல சப்பாத்து. விநாடி முள் உள்ள கைக்கடிகாரம். குவார்ட்டர்ஸுக்குச் சுடுதண்ணிப் போத்தல், கொசுவலை; நுவரெலியாக் குளிரில் வளர்ந்தவளுக்கு அனுராதபுரத்துக் கொசு புதிது. பதிவு இலக்கம் வந்த பிறகு பெயரும் இலக்கமும் உள்ள ரப்பர் முத்திரை ஒன்று, அதை அவளே வாசித்துச் சரிபார்த்த பிறகு.

செய்யுங்கள்: மச்சினன் டிஜேக்குக் கேட்ட காசைக் கொடுக்காமல் கையில் வைத்திருங்கள். முதல் சம்பளம் தாமதமாகும். அதுவரை பஸ் காசு, சாப்பாடு, போன் எல்லாம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். டாக்டரிடம் கைமாத்துக் கேட்டு ஆட்கள் வருவதும் இந்தக் காலத்தில்தான். இல்லை என்று சொல்லும் பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மருமகனைக் கஞ்சன் என்பார்கள், பரவாயில்லை.

செய்யாதீர்கள்: "அடுத்தது என்ன, பிள்ளையா, ஸ்பெஷலிஸ்ட்டா?" என்று கேட்கும் வாயை வளர விடாதீர்கள். பட்டப்பின் படிப்புக்குக் கொழும்பில் தனி நிறுவனம் இருக்கிறது, அதற்குத் தனிப் பரீட்சை, தனி ஆண்டுகள். பிள்ளை உங்கள் இருவரின் விஷயம். ஏற்கெனவே பிள்ளை இருந்தால், பயிற்சி ஆண்டில் அதை யார் பார்ப்பது என்பதை விருந்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். "அம்மா பார்ப்பா" என்று எடுத்த எடுப்பில் சொன்னால், அந்த அம்மாவுக்கு மாதம் எத்தனை பேர் போகும் என்றும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

செய்யாதீர்கள்: 'டாக்டரம்மா புருஷன்' என்று கூப்பிட்டால் முகத்தைத் தூக்கி வைக்காதீர்கள். கணக்குப்பிள்ளை பொஞ்சாதி, தலைவர் பொஞ்சாதி என்று சொந்தப் பெயரே இல்லாமல் எத்தனை பெண்கள் இந்த லயங்களில் வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். உங்களுக்கு இப்போதுதான் தொடங்குகிறது.

செய்யாதீர்கள்: பட்டச் சான்றிதழை லேமினேட் பண்ணாதீர்கள். லயத்துக் கூரை ஒழுகும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் பின்னாளில் வெளிநாட்டுப் பயிற்சிக்கோ வேறு தேவைக்கோ மூலப் பிரதியில் அத்தாட்சி முத்திரை குத்த வேண்டி வந்தால் பிளாஸ்டிக்கின் மேல் குத்த முடியாது. ஹட்டனில் தண்ணீர் புகாத கோப்பு உறை விற்கிறார்கள். அதில் போட்டு, நாலு போட்டோ கொப்பி எடுத்து, மூலத்தை வங்கிப் பெட்டகத்திலோ ஒழுகாத வீட்டிலோ வையுங்கள். சுவரில் மாட்டக் கலர் கொப்பி போதும்.